முட்டிக்கு மேல் ஏறிய ஸ்கிரீன்

எங்கள் வீட்டில் மேற்குப் பார்த்த சின்ன அறை ஒன்று இருக்கிறது. பத்துக்கு ஒன்பது. குடிவந்த நாளிலிருந்து அதில் அரிசி மூட்டையும் மடிக்காத துணியும் ஓடாத டேபிள் ஃபேனும்தான் குடியிருந்தன. போன சித்திரையில் அவற்றைக் கிளப்பிவிட்டு அறையை மகளுக்குக் கொடுத்தோம். "ஆறு வயசுப் புள்ளைக்கு எதுக்குடி தனி ரூமு? பயந்துக்கிறப் போகுது" என்றாள் அம்மா. அத்தை வாயால் ஒன்றும் சொல்லவில்லை, பார்வையால் சொன்னார். மகளோ அன்றைக்கே தலையணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எல்லோரும் பயந்தது இரவுக்கு. பிரச்சினை வந்ததோ மதியம் மூன்று மணிக்கு.

மதுரையில் சித்திரை மாதத்து மேற்கு வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிக்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஆறு மணி வரை இறங்காது. அது போனதும் எதிரே இருக்கும் தெருவிளக்கு வந்துவிடும். நான்கு நாள் பழைய பெட்ஷீட்டைக் கம்பியில் சொருகி ஒப்பேற்றினேன். ஐந்தாம் நாள், "இது ஸ்கிரீன் இல்ல, பெட்ஷீட்" என்று மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

திரைச்சீலை என்று எழுதலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஸ்கிரீன்தான். நான் வளர்ந்த செல்லூர் வீட்டில் ஸ்கிரீன் என்றால் பாதி ஜன்னலுக்குத்தான். மேல் இரண்டு கதவு, கீழ் இரண்டு கதவு வைத்த மர ஜன்னல். கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒரு முழ உயரத்துக்குக் கொஞ்சம் மேலே துணி. பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியின் இரண்டு முனையிலும் கொக்கி, அதை மாட்ட ஜன்னல் சட்டத்தில் இரண்டு வளையம். ஆறே மாதத்தில் ஸ்பிரிங் தளர்ந்து நடுவில் தொய்ந்துவிடும். தெருவில் போகிறவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகப் போட்ட துணி, சரியாக அவர்கள் பார்க்கும் இடத்தில் பள்ளமாகத் தொங்கும். ஆனாலும் யாரும் அதை மாற்றியதில்லை.

எனவே எனக்கு ஸ்கிரீன் தைத்த அனுபவம் கிடையாது, பார்த்த அனுபவமும் பாதிதான். ஆனால் வீட்டில் மிஷின் இருந்தது. அம்மா இருபது வருடம் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்த கால் மிஷின். முழங்கால் வலி வந்தபிறகு மிதிக்க முடியாமல் குட்டியானையில் ஏற்றி எனக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு வருடமாக அது எங்கள் ஹாலில் பூந்தொட்டி வைக்கும் மேசையாக இருந்தது. அதன்மேல் மணி பிளான்ட் படர்ந்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அதைப் பிரித்தெடுக்கும்போதுதான் மகளுக்கு அது மிஷின் என்றே தெரிந்தது.

துணி எடுக்க விளக்குத்தூண் பக்கம் போனோம். பத்துத்தூண் சந்தில் நுழைந்தால் நாயக்கர் காலத்துக் கல்தூண்கள் ஒரு பக்கம் வானத்தைப் பார்த்து நிற்க, கீழே கடைகளில் துணி மலைபோலக் கிடக்கும். எந்தக் கட்டடத்தைத் தாங்கிய தூண்களோ, இப்போது தாங்குவதற்கு எதுவுமில்லை. நான் கைத்தறியில் வெறும் காவி நிறமோ இளம்பச்சையோ எடுக்கலாம் என்று நினைத்துப் போனேன். மகள் கடைக்குள் நுழைந்ததும் ஒற்றைக் கொம்புக் குதிரை அச்சிட்ட பாலியெஸ்டர் துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் அவள் கட்சி. "வெயிலுக்கு இதுதாங்க்கா நிக்கும். காட்டன் ஒரு வருசத்துல வெளுத்துரும்" என்றார். வியாபாரத்துக்காகச் சொன்னாலும் அது பொய்யில்லை. வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டர் பருத்தியைவிட ஒருபடி மேல்தான். ஆனால் அந்தத் துணியைக் கையில் பிடித்தபோதே எனக்கு வியர்த்தது. அது மட்டுமில்லை, அது வழுக்கியது. முதல்முறை தைக்கப்போகிறவள் வழுக்குகிற துணியை எடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

கடைசியில் மஞ்சளில் பச்சைக் கட்டம் போட்ட பருத்தித் துணியில் சமாதானம் ஆனது. மகளுக்கு மஞ்சள் பிடித்தது. எனக்குக் கட்டம் பிடித்தது, அழகுக்காக இல்லை. கட்டம் போட்ட துணியில் கோடு போட்டே கொடுத்துவிடுகிறார்கள், அதன்மேல் தைத்துக்கொண்டே போனால் கோணாது என்ற சோம்பேறிக் கணக்கு. பிறகு மகள் ஒரு சந்தேகம் கேட்டாள். நல்ல பக்கம் வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றேன். "அப்ப ரோட்டுல போறவங்களுக்கு?" என்றாள். கட்டம் போட்ட துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று கடைக்காரர் காட்டிய பிறகுதான் கடையைவிட்டு நகர்ந்தாள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஜன்னல் நாலடி அகலம், நாலரை அடி உயரம். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ராடு ஜன்னலுக்கு நாலு அங்குலம் மேலே, இரண்டு பக்கமும் அரையடி நீட்டிக்கொண்டு, ஐந்தடி நீளம். ராடின் நீளத்துக்கே துணி வைத்தால் அது ஸ்கிரீன் இல்லை, பேனர். மடிப்பு விழ ஒன்றரை மடங்காவது வேண்டும், இரண்டு மடங்கு என்றால் நன்றாக இருக்கும். நான் எடுத்த துணிக்குப் பன்னா, அதாவது அகலம், 48 அங்குலம். இரண்டு பாகம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரமும் ஒன்றரை அங்குலம் மடித்தடித்தால் பாகத்துக்கு 45 மிஞ்சும். இரண்டுக்கும் சேர்த்து 90. ராடு 60. கச்சிதமாக ஒன்றரை மடங்கு. உயரம், ஜன்னல் திண்டைத் தாண்டி அரையடி இறங்கினால் போதும் என்று 65 வைத்தேன். மேலே வளையம் பொருத்த நாலரை, கீழே மடிக்க நாலரை. வெட்டும் அளவு 74. இரண்டுக்கும் 148 அங்குலம், நாலு மீட்டருக்குள் அடக்கம். ஒரு தாளில் எழுதி இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் தப்பில்லை.

கடைக்காரர், ஸ்கிரீனை ஓரமாகக் கட்டிவைக்கக் குஞ்சம் வைத்த கயிறு ஒரு ஜோடி இலவசமாகத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். இது மட்டும் விளையாட்டில்லை. ஜன்னல் பிளைண்டுகளின் கயிற்றில் கழுத்து மாட்டிக் குழந்தைகள் இறந்துபோயிருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில் கடையில் தயாராக வைத்து விற்கும் பிளைண்டுகளுக்குக் கயிறே கூடாது, இருந்தாலும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது என்று 2018-ல் தரவிதியை மாற்றினார்கள். குழந்தை தூங்கும் அறையில் தொங்குகிற கயிறு எதற்கு? அதே துணியில் ஒரு சாண் பட்டி வெட்டி வெல்க்ரோ வைத்தால் போதும். இழுத்தால் பிய்ந்துகொண்டு வரும். பிய்ந்து வர வேண்டும், அதுதான் அதன் வேலை.

மிஷின் முதல் நாள் ஒத்துழைக்கவில்லை. எண்ணெய் விட்டு, பெல்ட்டை இழுத்து மாட்டி, பாபினில் அடிநூல் சுற்றி, எல்லாம் சரியாகச் செய்து மிதித்தால், மேலே தையல் அழகாக வருகிறது. துணியைத் திருப்பினால் அடியில் குருவிக்கூடு. நூல் சிக்கலை வெட்டி எடுத்து மறுபடி மிதித்தால் மறுபடி கூடு. அடியில் சிக்கல் என்பதால் பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். அரைமணி நேரம் கழித்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நூல் கோக்குறப்ப ஃபுட்டத் தூக்கி வச்சிருந்தியா, எறக்கி வச்சிருந்தியா?"

இறக்கித்தான் வைத்திருந்தேன்.

"தூக்கிட்டுக் கோரு."

அவ்வளவுதான். துணியை அமுக்கிப் பிடிக்கும் அந்த ஃபுட் இறங்கியிருந்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு தட்டும் மூடிக்கொள்ளும். நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் மேலோடு போய்விடும். பிடிப்பில்லாத மேல்நூல் அத்தனையும் அடியில் போய்க் குவியும். கோளாறு தெரிகிற இடம் கீழே, இருக்கிற இடம் மேலே. மிஷினைப் பார்க்காமல், துணியைப் பார்க்காமல், செல்லூரில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அம்மா அதைச் சொன்னாள். போனை வைக்கும் முன் இன்னொன்றும் கேட்டாள். "துணிய நனைச்சுக் காயப்போட்டுத்தான வெட்டுன?"

"ம்" என்றேன்.

நனைக்கவில்லை. கடையிலிருந்து வந்த அன்றைக்கே வெட்டிவிட்டேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கே மாட்டிரலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நனைத்து, காயவைத்து, தேய்த்து என்றால் ஒரு நாள் போய்விடும். புதுத் துணி, நல்ல துணி, அப்படி என்ன ஆகிவிடப் போகிறது?

சரி, தையலுக்கு வருகிறேன். ஸ்கிரீன் என்பது நாலு நேர்க்கோடு. ஜாக்கெட்டைப்போல வளைவு இல்லை, கை இணைப்பு இல்லை, கழுத்து இல்லை. அதனால் சுலபம் என்று நினைத்தேன். வளைவில் சின்னப் பிசகு இருந்தால் உடம்பு அதை மறைத்துவிடும். ஐந்தரை அடி நேர்க்கோட்டில் ஒரு நூல் விலகினால் அறைக்குள் நுழைகிற எல்லோருக்கும் தெரியும். ஊசியையே பார்த்துக்கொண்டு தைத்தால் கோடு பாம்பாகப் போகிறது. துணியின் ஓரம் மிஷின் தட்டில் எங்கே தொடுகிறதோ அந்த இடத்தில் ஒரு டேப்பை ஒட்டி, கண்ணை அதன்மேலேயே வைத்தபோதுதான் நேரானது. குறுக்கே வெட்டும்போது கட்டக் கோட்டைக்கூட நம்பக் கூடாது என்பதும் தெரிந்தது. குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றை மட்டும் ஊசிமுனையால் கிளப்பி, மெல்ல உருவினால், துணியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மெல்லிய வெற்றுக் கோடு விழும். அதன் வழியே கத்தரியை விட்டால் அதைவிட நேர் கிடையாது. பாதி வழியில் நூல் அறுந்துவிட்டால் மறுபடி நுனியைத் தேடிப் பிடிக்க வேண்டும். மகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. உருவிய நூல்களையெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் சேர்த்து வைத்திருக்கிறாள், எதற்கென்று தெரியாது.

மேல்பட்டிக்குள் கேன்வாஸ் வைத்து அடிக்கும்போது 14-ஆம் நம்பர் ஊசி ஒடிந்தது. 16 போட்டேன், ஓடியது. வளையம் பொருத்துவதில் ஒரே விதிதான்: எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒற்றைப்படை என்றால் ஒரு ஓரம் சுவர் பக்கம் திரும்பும், மறு ஓரம் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். எனக்கு பாகத்துக்கு எட்டு வளையம், ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம், ஆறு அங்குல இடைவெளி. 45-க்கு இது அப்படியே உட்கார்ந்தது. வட்டமாக வெட்டி இரண்டு பாதி வளையத்தையும் இருபுறமும் வைத்து அமுக்கினால் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். பதினாறு "டக்"கும் மகளுடையது.

மாட்டியாகிவிட்டது. அறை மஞ்சளாக இருந்தது. மூன்று மணி வெயில் துணியில் பட்டு, சுவரெல்லாம் பச்சைக் கட்டம் மங்கலாக விழுந்தது. அதைப் பார்த்து நான் பெருமையோடு நின்றுகொண்டிருக்க, மகள் நேராகப் போய் ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ம்மா, நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடி."

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மேடைக்கு மூன்று வகை எழினி, அதாவது திரை, சொல்லப்படுகிறது: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது, மறைந்திருந்து மேலிருந்து இறங்குவது என்று விளக்கம் சொல்வார்கள். நான் தைத்தது பொருமுகம். என் மகள் அதைக் கரந்துவரல் ஆக்கிவிட்டாள். ஆனால் ஒரு சிக்கல். ஸ்கிரீன் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் முடிகிறது. அவள் உயரமோ நாலடிகூட இல்லை. தொடையிலிருந்து பாதம் வரை எல்லாம் வெளியே. அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே, "எங்க போனா இந்தப் புள்ள? கட்டிலுக்கு அடியிலயா?" என்று அறையைச் சுற்றிவர வேண்டும். நான் நன்றாகவே நடித்தேன். என் வீட்டுக்காரருக்கு நடிப்பு வராது. இரண்டாம் நாள் ஆபீஸிலிருந்து வந்து, "கால் தெரியுது பாப்பா" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கோரிக்கை: ஸ்கிரீன் தரை வரை வேண்டும். ஜன்னல் அங்கே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே சுவர்தான், சுவருக்கு எதற்கு ஸ்கிரீன் என்று விளக்கினேன். எனக்கே அது நல்ல வாதமாகப் பட்டது. அவளுக்குப் படவில்லை.

மூன்றாவது வாரம் அதில் ரசம் கொட்டியது. எப்படி என்று கேட்காதீர்கள். கழற்றி ஊறப்போட்டு, துவைத்து, காயவைத்து மாட்டினால், ஜன்னல் திண்டுக்கு மூன்று அங்குலம் மட்டும் கீழே நிற்கிறது. மறுபடி அளந்தேன். 62. அகலத்தில் ஒரே ஒரு அங்குலம்தான் போயிருந்தது, உயரத்தில் மூன்று. போன வருடத்து யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு நிற்கிற பையனைப்போல முட்டிக்கு மேல் ஏறிக்கொண்டு ஸ்கிரீன் என்னைப் பார்த்தது.

அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அறைக்குள் நுழைந்து, நிமிர்ந்து பார்த்து, உட்காரக்கூட இல்லை.

"நனைக்கல."

"..."

"போன்ல 'ம்'ன்ன."

செல்லூரில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவளிடம் பொய் சொல்லக் கூடாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஊடை குறுக்கே சும்மா போய் வரும். இழுபட்டுக் கிடந்த பாவு முதல் தண்ணி பட்டதும் விட்டுக்கொடுத்துத் தன் நீளத்துக்குத் திரும்பிவிடும். அதனால்தான் நீளத்தில் அதிகம் போகும், அகலத்தில் கொஞ்சம்தான் போகும். "கைகால நீட்டி மடக்கின மாதிரிதான்டி" என்றாள். சொல்லும்போது அவள் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் ஒரு சேலையோடு வந்தாள். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிச் சுங்குடி, தேய்ந்து தேய்ந்து மல்துணிபோல ஆனது. நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, "இது கட்டுச் சுங்குடியாம்மா? இதையா வெட்டச் சொல்ற?" என்றேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, பிரிப்பார்கள். ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கான முடிச்சு. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அச்சுடி. கட்டுன்னா ஸ்கிரீனுக்குத் தருவேனா?"

அச்சென்றாலும் அதில் ஒரு பெரிய வசதி இருந்தது. நூறு தடவை துவைத்த சேலை. இனிச் சுருங்க அதில் ஒன்றுமில்லை. மகள் கேட்டபடி தரைக்கு ஓரங்குலம் மேலே நிற்க 26 அங்குலம் தேவை. சேலையின் கரை கீழே வருமாறு வைத்து வெட்டினோம். கரையே ஓரமாகிவிட்டதால் கீழே மடித்தடிக்கும் வேலை மிச்சம். இணைப்பில் இரட்டைத் தையல், ஏனென்றால் இழுப்பாள். இந்த முறை அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் மிதித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, கோடு கோணும்போது மட்டும் தொண்டையைச் செருமினாள்.

கனமான துணிக்குக் கீழே மெல்லிய துணி வந்ததால் சேலைப் பாகம் சுருண்டு சுருண்டு ஏறியது. ஃபேன் போட்டால் பறந்தது. கனம் வேண்டும். அம்மா சுருக்குப்பையிலிருந்து பழைய நாலணாக்களை எடுத்தாள். காண்டாமிருகம் போட்ட 25 காசு. 2011 ஜூன் முடிவோடு செல்லாமல் போனவை. அம்மா மட்டும் ஏனோ விடவில்லை. எவர்சில்வர் ரகம் என்பதால் துருப்பிடிக்காது. ஒன்று மூன்று கிராம்கூட இல்லை. மூலைக்கு நாலு என்று வைத்து, பின்பக்கம் சின்னப் பையாகத் தைத்து நாலு பக்கமும் அடைத்தாகிவிட்டது. பிரித்து வாயில் போடும் வயதில் குழந்தை இருந்தால் இதைச் செய்யாதீர்கள். மகள் ஒவ்வொரு காண்டாமிருகத்துக்கும் பெயர் வைத்துவிட்டுத்தான் உள்ளே போட விட்டாள்.

செலவைக் கேட்பவர்களுக்கு: துணி, வளையம், கேன்வாஸ், நூல், இரண்டு ஊசி என்று ஆயிரத்து நூறு ஆனது. அந்த ஒற்றைக் கொம்புக் குதிரை ரெடிமேடாகவே ஜோடி எழுநூறுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது ஜன்னல் இருக்கும் இடத்தில் மஞ்சள் கட்டம், வெறும் சுவர் இருக்கும் இடத்தில் சுங்குடி. கால் தெரிவதில்லை. நியாயமாகப் பார்த்தால் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்க வேண்டும். ஆனால் மூலையில் இருக்கிற நாலணாக்கள் அவள் அசையும்போதெல்லாம் சுவரில் இடித்து "டிக்" என்கின்றன. இதையும் அவர்தான் சொல்லிவிட்டார். போன வாரத்திலிருந்து அவள் இரண்டு மூலைகளையும் ஒவ்வொரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்கிறாள். அப்படிப் பிடித்துத் தூக்குவதால் ஸ்கிரீன் மேலே ஏறி, கால் மறுபடி வெளியே தெரிகிறது.